ஆளில்லாத குளிர்

அந்தக் கோடையில் பல்கலைக்கழக வளாகத்தில் எல்லாரும் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வெடி மட்டும் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள். வெயிலாவது சாயந்திரமானால் கொஞ்சம் இறங்கி வருகிறது, இந்த மனுஷன் இறங்கியே வரமாட்டேன் என்கிறாரே என்பது அவள் கட்சி.

வெடி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. தலைமைக் கட்டடத்தில் அவளோடு துடைப்பம் பிடிக்கிற ஒன்பது பெண்கள் வைத்தது. முதல் மாடியில் அவள் வாயைத் திறந்தால் நாலாவது மாடியில் கதவைச் சாத்துவார்கள். புருஷனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: நோட்டு. விடுதிச் சமையலறைகளுக்கும் மருத்துவமனைச் சலவைக்கும் நீராவி தருகிற பாய்லரை அவர் இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்பதைவிட எழுதுகிறார் என்பதுதான் பொருந்தும். எத்தனை மணிக்குப் பற்றவைத்தார், பிரஷர் எவ்வளவு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது, எண்ணெய்த் தொட்டிக்குள் அளவுக்குச்சியை விட்டால் எத்தனை சென்டிமீட்டர் நனைகிறது, எல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோட்டில் ஏறும். கடைசிக் கட்டம் புகையின் நிறம். அதற்கு அவராகவே மூன்று தரம் வகுத்திருந்தார்: வெளுப்பு, சாம்பல், கருப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இன்ஜினியர் "எல்லாத்தையும் எழுதி வையுங்க" என்றாராம். மூன்றாவது மாதம் அந்த இன்ஜினியர் மாற்றலாகிப் போய்விட்டார். நிறுத்தச் சொல்ல ஆளில்லை. இவரும் நிறுத்தவில்லை.

அந்த நோட்டுதான் இப்போது குடியைக் கெடுத்திருந்தது.

காகிதம் மத்தியானம் வந்தது. அவர் அதை இரண்டு தரம் படித்து, நாலாக மடித்து, நோட்டுக்குள் வைத்துவிட்டார். சாயந்திரம் வெடி வேலை முடிந்து வந்தபோது, பாய்லர் அறையை ஒட்டிய அந்த இரண்டு அறை வீட்டில், வெந்து கிடக்கும் மேற்குச் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லர். குளிர்காலத்தில் அதில் துணி காயவைப்பார்கள். கோடையில் அதன் பக்கம் யாரும் போகமாட்டார்கள். அதில் சாய்ந்திருக்கிறார் என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

"என்ன ஆச்சு?"

நோட்டை நீட்டினார். காகிதத்தை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். வளாகத்தின் கார்பன் வெளியீட்டைக் குறைக்கும் திட்டப்படி பாய்லர் பிரிவு மூடப்படுகிறது. ஊழியர் காண்ட்ராக்டரிடம் மாற்றப்படுவார். குடியிருப்பைத் தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும். ஆட்சேபணை இருந்தால் நாற்பது நாளில் எழுதித் தரலாம், அதன் மேல் ஒரு கூட்டம் நடக்கும்.

வெடி காகிதத்தை மறுபடி நாலாக மடித்தாள். குரல் எழும்பவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"என்னங்க, இருபத்திரண்டு வருஷம் குனிஞ்சு குனிஞ்சு எழுதினீங்க. கடைசியில உங்க பேரையே அடிச்சு எழுதிட்டாங்க."

"எழுதினது தப்பில்ல."

"தப்பில்ல. கொண்டுபோய்க் குடுத்தது?"

"கேட்டாங்க. குடுத்தேன்."

"வளாகத்துல எல்லாருகிட்டயும்தான் கேட்டாங்க. குடுத்த ஒரே மகாராசன் நீங்கதான்."

அது உண்மை. நாலு மாதம் முன்பு, வளாகம் எவ்வளவு கார்பனை வெளியே விடுகிறது என்று அளக்க ஒரு அம்மா வந்தார். அளவை மேடம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போய்ப் பதிவேடு கேட்டார். இருந்தது மேடம், கரையான் அரித்துவிட்டது என்றார்கள். மேலதிகாரிகளின் விமானப் பயண விவரம் கேட்டார். ஃபைல் சுற்றில் இருக்கிறது என்றார்கள். தலைமைக் கட்டடத்து மின்சார மீட்டரைப் பார்க்கப் போனார். அது ஓடாமல் நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது, பழைய சராசரியைப் போட்டுத்தான் பில் வந்துகொண்டிருந்தது. அறைக்கு அறை ஏசி மாட்டியதோ அதற்குப் பிறகு. கடைசியில் மேடம் பாய்லர் அறைக்கு வந்தார். நோட்டு இரும்பு அலமாரியைத் திறந்தார். நாற்பத்து நாலு நோட்டுகள், வருஷவாரியாக, முதுகில் தேதி ஒட்டி. மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தே விட்டார்.

"இந்த மாதிரி ஒரு டேட்டாவை நான் எங்கயும் பார்த்ததில்ல, சார்."

அந்த வளாகத்தில் அவரை யாரும் சார் என்றதில்லை. பாய்லர், இங்க வாப்பா என்பார்கள். அந்த ஒரு 'சார்'தான் மனுஷனைக் கவிழ்த்தது என்பது வெடியின் தீர்ப்பு. போதாக்குறைக்கு, அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள், நாற்பத்து நாலு நோட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று முன்வந்து, ஒரு மாதம் உட்கார்ந்து தட்டினாள். சான்றிதழ் கொடுத்தார்கள். அது இப்போதும் சுவரில் தொங்கியது.

"அப்பன் எழுதினான், மக தட்டினா. நான் ஒருத்திதான் இந்த வீட்டுல ஒண்ணும் பண்ணாம கெட்டுப்போனவ" என்றாள் வெடி.

மகள் உள்ளறையிலிருந்து வந்தாள். அழுதிருந்தது தெரிந்தது. "அம்மா, குறைக்கறதுக்குத்தானே அளந்தாங்க. நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"நல்லதுதான். யாரைக் குறைக்கறதுன்னு கேட்டுட்டு அளந்திருக்கலாம்."

அந்த நேரம் பார்த்து வெடியின் அண்ணன் வந்தார். விடுதியின் தலைமைச் சமையல்காரர். மூவாயிரம் பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வருகிறவர், சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தேறும். கதவருகே செருப்பை உதறிவிட்டு, நேராகக் குடத்துக்குப் போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகுதான் ஆளைப் பார்த்தார்.

"மாப்ளே, விஷயம் தெரியுமா? பாய்லரை உடைக்கப் போறதில்லையாம்."

"பின்னே என்ன மச்சான்?"

"மதிலுக்கு அந்தப் பக்கம் காலி மனை இருக்குல்ல, அதுல காண்ட்ராக்டர் கொட்டகை போடறான். இதே பாய்லரைக் கழட்டி அங்க வைக்கறாங்க. மதில்ல ஓட்டை போட்டுக் குழாய் இந்தப் பக்கம் வரும். என் அண்டாவுக்கு அதே ஆவி. நீங்க அங்க நின்னு ஓட்டுவீங்க, அவன் ஆளா."

நோட்டு யோசித்தார். "எண்ணெய் அதே எண்ணெயா?"

"அதேதான். இன்னும் மட்டமா வாங்குவான்."

"அப்ப புகை?"

"புகை அங்க போகும். மதிலுக்கு அந்தப் பக்கம் போயிட்டா இவங்க கணக்குல வராதாம். அதுதான் குறைக்கறது."

"காத்து இந்தப் பக்கம் அடிச்சா?"

"அது காத்தோட கணக்கு, மாப்ளே."

வெடி கேட்டாள்: "அண்ணா, இங்கிருந்து அங்க எத்தனை அடி இருக்கும்?"

"நாப்பது அடி."

"நாப்பது அடி." அவள் எழுந்து நின்றாள். இப்போது குரல் வந்தது. "எங்க வீட்டு அடுப்பைத் தூக்கிப் பக்கத்து வீட்டு வாசல்ல வெச்சு, அங்க ஊதி, அங்க சமைச்சு, குழாய் போட்டு இங்க தின்னுட்டு, எங்க வீட்டுல புகையே இல்லன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கலாம். அந்த நாப்பது அடிக்கு நாங்க வீட்டைக் காலி பண்ணணும். படிச்ச படிப்பெல்லாம் இதுக்கா? இந்த நாப்பது அடியைக் கண்டுபிடிக்கவா?"

அண்ணன் மூன்றாவது சொம்பை எடுத்தார்.

மகள்தான் மெல்லப் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். வட்டம் ஒன்று, கேக்கை வெட்டிய மாதிரி. பாதிக்கு மேல் ஒரே கருப்புத் துண்டு.

"இது யாரு?"

"அப்பா. நூத்துக்கு அறுபத்தொண்ணு."

வெடி புருஷனைப் பார்த்தாள். ஒல்லியான மனுஷன், காது மடலில் பென்சில். வளாகத்தின் பாவத்தில் பாதிக்கு மேல் இந்த உடம்பில் இருக்கிறதாம்.

"தலைமைக் கட்டடத்து ஏசி எல்லாம் எங்க?"

மகள் படத்தைக் கீழே தள்ளினாள். சின்ன எழுத்தில் ஒரு பட்டியல். ஏசி: தகவல் கிடைக்கவில்லை. ஜெனரேட்டர்: தகவல் கிடைக்கவில்லை. விமானப் பயணம்: தகவல் கிடைக்கவில்லை.

"கிடைக்கலன்னா என்ன போடுவாங்க?"

"பூஜ்யம்."

வெடிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பல்ல. அண்ணன் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். "எழுதி வெச்சவன் பாவி, எழுதாதவன் புண்ணியவான்னு ஆயிடுச்சா" என்றாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஏசி பற்றிய தகவல் யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே பத்துப் பேரிடம்தான் இருந்தது. அதில் ஒருத்தி அவள்.

*

தலைமைக் கட்டடத்தில் துப்புரவுப் பெண்கள் உட்கார ஓர் இடம் கிடையாது. மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், துடைப்பம் வைக்கிற சந்து உண்டு. அதில் கோடையில் துடைப்பமே வாடிவிடும். அதனால் அவர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். எந்த நேரத்தில் எந்த அறை ஆளில்லாமல் குளிர்ந்து கிடக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். காலை பத்து மணிக்கு மூன்றாம் மாடி ஆட்சிக்குழு அறை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்டம் நடக்கும், ஏசி தினமும் நடக்கும். பதினொன்றரைக்கு விருந்தினர் அறை. இரண்டு மணிக்கு நூலகக் கருத்தரங்கக் கூடம். மூன்றரைக்கு டீனின் அறை. டீன் வெளிநாடு போய் எட்டு மாதம் ஆகிறது. அவருடைய உதவியாளர் தினமும் காலை ஒன்பதுக்கு வந்து, நாற்காலியை நேராக்கி, மரியாதையாக ஏசியைப் போட்டுவிட்டுப் போவார். டீன் இல்லாவிட்டாலும் மரியாதை இருக்க வேண்டுமல்லவா?

ஒவ்வோர் அறையிலும் பத்தே நிமிஷம். தரையில்தான் உட்காருவார்கள், நாற்காலியில் உட்காரமாட்டார்கள். காலை நீட்டி, தலையைச் சுவரில் சாய்த்து, வியர்வை அடங்கும்வரை. இதற்குக் குளிர் வரிசை என்று பெயர். சூப்பர்வைசருக்குத் தெரியாது. புருஷன்மார்களுக்கும் தெரியாது. இத்தனை நாளும் தெரிந்தவர் ஒருவர் உண்டென்றால் அது சுவர்தான்.

மறுநாள் பத்து மணிக்கு, ஆட்சிக்குழு அறையின் தரையில் பத்துப் பேரும் உட்கார்ந்திருக்கும்போது, வெடி விஷயத்தை எடுத்தாள். எழுதுவோம் என்றாள். எந்த அறை, எந்த நேரம், ஏசி எத்தனையில் ஓடுகிறது, ஆள் உண்டா இல்லையா. முப்பது நாள். பிறகு கூட்டத்தில் கொடுப்போம். பூஜ்யம் போட்ட இடத்தில் எண் வந்தாக வேண்டும்.



மாடிப்படி என்று ஒருத்தி. நாலு மாடிப் படிகளையும் அவள்தான் கூட்டுவாள். அதனால் கால் இரண்டும் எப்போதும் வீங்கியிருக்கும். வீங்கிய காலை ஏசிக்கு நேராக நீட்டியபடி அவள் சொன்னாள்:

"ஏண்டி வெடி, உன் புருஷன் நோட்டு எழுதி உன் வீடு போச்சு. இப்ப நீ நோட்டு எழுதி எங்க பத்து நிமிஷமும் போகணுமா?"

நாலு மாடிக்குக் கேட்கிற வாய் அன்று திறக்கவில்லை. மாடிப்படி சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை.

"எப்படித் தெரியும்னு கேப்பாங்கடி. உள்ள என்ன பண்ணினேன்னு கேப்பாங்க" என்றாள் இன்னொருத்தி.

"கேப்பாங்க" என்றாள் வெடி.

"கேட்டா?"

"உள்ளதைச் சொல்லணும்."

மாடிப்படி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் கணுக்காலை அழுத்தினாள். குழி விழுந்தது, மெல்ல நிரம்பியது. "எட்டு வருஷமா டீன் ரூம் நாற்காலியை நான் தொடச்சிருக்கேன். ஒரு தடவை உக்காந்ததில்ல. அந்த நாற்காலி குளுகுளுன்னு இருக்கணும், உன் புருஷன் மதிலுக்கு வெளியே போகணும். சரி, எழுதித் தொலை. டீன் ரூமை நானே எழுதறேன். ஆனா எனக்கு 'ஏசி' தவிர எதுவும் ஒழுங்கா எழுத வராது."

"அதுவே போதும். சண்டை அதோடதான்."

அன்று சாயந்திரம் நோட்டு தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசிரியரானார். புது நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தார். தேதி, நேரம், அறை, ஏசி எண், ஆள்.

"பாத்ததை எழுது. நெனச்சதை எழுதாத. வித்தையே அவ்வளவுதான்."

"எனக்கு வித்தை சொல்லித் தர வந்துட்டார்" என்று வெடி முனகினாள். ஆனால் எழுதினாள். மகள் ஒவ்வோர் ஏசியின் பெட்டியிலும் ஒட்டியிருக்கிற மின்சார அளவைப் பார்த்து வந்து, மணி நேரத்தோடு பெருக்கினாள். வீட்டில் மூன்று பேரும் மூன்று நோட்டோடு உட்கார்ந்தார்கள். நோட்டின் காரணமாகப் பிரிந்திருந்த குடும்பம் நோட்டின் காரணமாகவே ஒரே பாயில் உட்கார்ந்தது வெடிக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. கோபத்தை முழுசாக நடத்தவிடாமல் செய்துவிட்டார்கள்.

ஒரு நாள் மகள் ஏதோ சரிபார்க்கப் பழைய நோட்டைப் புரட்டியவள் நிறுத்திவிட்டாள்.

"அம்மா, நான் பொறந்த அன்னிக்கு அப்பா என்ன எழுதியிருக்கார் தெரியுமா? டைப் அடிக்கும்போதே பாத்தேன். உங்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன்."

"என்ன எழுதியிருப்பார். பிரஷர் சரின்னு எழுதியிருப்பார்."

மகள் படித்தாள். "ரெண்டு மணி. பிரஷர் ஏழு. தண்ணீர் சரி. பெண் குழந்தை. புகை வெளுப்பு." ஒரு வரி விட்டு: "நாலு மணி. பிரஷர் ஏழு. போய்ப் பார்க்க வேண்டும்." அப்புறம்: "ஆறு மணி. மாற்று ஆள் வரவில்லை. எட்டு மணி. மாற்று ஆள் வரவில்லை."

குழந்தை பிறந்து மறுநாள் காலையில்தான் அவர் பார்க்க வந்தார் என்று பத்தொன்பது வருஷமாக வெடி சொல்லிக் காட்டிவந்திருக்கிறாள். ஏதாவது சண்டை என்றால் முதல் குண்டு அதுதான். இப்போது அந்தக் குண்டும் கையைவிட்டுப் போயிற்று.

"இதை வாயால சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"எழுதித்தான் வெச்சிருந்தேனே" என்றார் அவர்.

*

ஆட்சேபணையை எழுதிக் கொடுத்தார்கள். கூட்டம் முப்பத்தெட்டாம் நாள். இடம் அதே ஆட்சிக்குழு அறை. வெடி எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு மெத்தையா என்று எழுந்து திரும்பிப் பார்த்தாள். ஒன்பது பெண்களும் சுவரோரமாக நின்றார்கள். அண்ணன் கதவருகே. மேசையின் தலைமாட்டில் பதிவாளர், பக்கத்தில் அளவை மேடம், அப்புறம் கோட்டுப் போட்ட ஐந்தாறு பேர். ஏசிக்குப் பயந்து போட்ட கோட்டு.

மகள் எழுந்து படித்தாள். முதல் வரியில் தடுமாறினாள், எண்கள் வந்ததும் வேகம் பிடித்தாள். முப்பத்தொரு அறைகள். முப்பது நாள். ஆளில்லாமல் ஏசி ஓடிய நேரம் ஐயாயிரத்துச் சொச்சம் மணி. இதைச் சேர்த்தால் வட்டத்தில் பாய்லர் பாதிக்குக் கீழே போகிறது. பாய்லரை வெளியே தூக்கி வைத்தால் ஒரு துளிப் புகைகூடக் குறையாது. இந்த அறைகளின் ஸ்விட்சை அணைத்தால் நாளைக்கே குறையும்.

"அருமையான முயற்சி" என்றார் பதிவாளர். நல்ல மனிதர் போலத்தான் சிரித்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "மூணாம் மாடி, ஆட்சிக்குழு அறை, பத்து மணி பத்து நிமிஷம். ஏசி பதினெட்டு. ஆள் இல்லை. இது எப்படிம்மா தெரிஞ்சது?"

"உள்ள வந்து பாத்தோம்" என்றாள் வெடி.

"பாத்துட்டுப் போயிட்டீங்களா?"

"இல்ல. பத்து நிமிஷம் உக்காந்திருந்தோம்."

"எத்தனை பேர்?"

"பத்துப் பேர்."

பதிவாளர் நோட்டை மேசையில் மெதுவாக வைத்தார். "அப்ப ஆள் இல்லைன்னு எழுதினது தப்பாச்சே. பத்துப் பேர் இருந்திருக்கீங்களே."

கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பெரிய சிரிப்பல்ல. மேசைக்கு ஏற்ற சிரிப்பு.

வெடிக்குக் காது சுட்டது. "எங்களை ஆளுன்னு இந்தக் கட்டடத்துல எண்ணினது இன்னிக்குத்தான் சார்" என்றாள். "எட்டு வருஷமா கூட்டறோம். எங்க உக்கார்றீங்கன்னு யாரும் கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்கறீங்க, எங்க மேல ஒரு தப்பு கிடைக்குதான்னு."

சிரிப்பு நின்றது. அப்போது நோட்டு எழுந்தார். இந்த மனுஷன் எதற்கு எழுகிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயா சொல்றது சரி" என்றார். "பத்துன்னுதான் எழுதியிருக்கணும். கட்டம் போட்டுக் குடுத்தவன் நான், அதைச் சொல்லிக் குடுக்கல. அந்தப் பத்து நிமிஷத்தைக் கழிச்சுக்குங்க." காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "ஏசி காலை ஒன்பதுலேருந்து சாயந்திரம் அஞ்சு வரைக்கும் ஓடுது. பத்து நிமிஷம் போனா, ஏழு மணி அம்பது நிமிஷம் மிச்சம். அதுல யார் இருந்தாங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவர் பென்சிலோடு காத்துக்கொண்டு நின்றார். கிண்டலில்லை. பதில் வந்தால் உண்மையிலேயே எழுதிக்கொள்வார்.

அளவை மேடம் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "இந்த டேட்டா சரியா இருக்கு சார். இதைச் சேர்த்தா படம் மாறும்."

"சேர்க்கலாமே" என்றார் பதிவாளர். "ரிப்போர்ட் மேலே போயாச்சு. அடுத்த வருஷ ரிப்போர்ட்ல சேர்க்கலாம்."

"எங்க வீடு?" என்றாள் வெடி.

"அது வேற ஃபைல்மா."

*

பத்து நாளில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, பாய்லர் முன்பே முடிவானபடி மதிலுக்கு வெளியே போகும். இன்னொன்று பத்துப் பெண்களுக்கும் தனித்தனி மெமோ: குளிரூட்டப்பட்ட அறைகளைப் பணி நேரத்தில் அனுமதியின்றிப் பயன்படுத்தியமைக்கு விளக்கம் தேவை. கூடவே ஓர் ஏற்பாடு. ஆளில்லாத அறைகள் எல்லாவற்றுக்கும் பூட்டு.

மெமோவைப் படிக்கச் சொல்லிக் கேட்ட மாடிப்படி, "சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெடிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பாய்லரை இரண்டு நாளாகக் கழற்றினார்கள். மதிலில் ஓட்டை போட்டார்கள். குழாய் பாம்பு மாதிரி இந்தப் பக்கம் தலையை நீட்டியது. மூன்றாம் நாள் அண்ணனின் அண்டாக்கள் அதே ஆவியில் கொதித்தன. பழைய புகைபோக்கி நின்ற இடத்தில் செடி நட்டு, துணைவேந்தர் தண்ணீர் ஊற்ற, படம் எடுத்தார்கள். மதிலுக்கு வெளியே ஒரே அறை உள்ள வீட்டுக்கு வெடியின் குடும்பம் போயிற்று. சான்றிதழைச் சுவரில் மாட்டவில்லை. எந்தச் சுவரும் சூடாக இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

முதல் நாள் வேலைக்குப் போய்வந்த நோட்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னவாம்?"

"நோட்டு வேண்டாம்னுட்டான். எழுதினா கேள்வி வருமாம்." கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். "எண்ணெய் மட்ட ரகம். ரெண்டு மணிக்கு ஒருதரம் கை பென்சிலைத் தேடுது."

அவர் முன்னால் நாற்பத்தைந்தாவது நோட்டு இருந்தது. பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். வெடி அதை எடுத்துப் புரட்டினாள். தன் வேலைக்கோட்டின் பையில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு மூன்றாம் மாடி நடையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டே ஆட்சிக்குழு அறைக் கதவருகே வந்தபோது செருப்புக்கு மேலே கால்விரலில் சில்லென்று பட்டது. குனிந்து, கதவுக்கும் தரைக்கும் நடுவே புறங்கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கதவில் புதுப் பூட்டு, எண்ணெய் வாசம் போகாத பூட்டு, தொங்கிக்கொண்டிருந்தது. பத்துப் பேரையும் வெளியே தள்ளிவிட்டார்கள். ஸ்விட்சை யாரும் தொடவில்லை.

மாடிப்படி பின்னாலேயே வந்தாள். பூட்டைப் பார்த்தாள், வெடியின் கையைப் பார்த்தாள். கதவோரமாகத் தரையில் உட்கார்ந்து, வீங்கிய காலை அந்தச் சந்தில் வைத்தாள்.

"பரவால்லடி. ரெண்டு விரலுக்கு வருது." பிறகு நிமிர்ந்தாள். "இப்ப எதுக்கு நோட்டை எடுக்கற? மறுபடியும் மெமோ வரும்."

"வரட்டும். கதவுக்கு வெளியே நின்னதுக்கு என்ன எழுதுவாங்கன்னு நானும் பாக்கறேன். அடுத்த வருஷம் அந்த மேடம் வருவாங்க. தகவல் கிடைக்கலன்னு எவனும் சொல்லக் கூடாது."

"உள்ள ஆள் இல்லன்னு எப்படி எழுதுவ? பாக்காததை எழுதக் கூடாதுன்னு உன் வீட்டு வாத்தியார் சொன்னாரே."

வெடி பூட்டைப் பிடித்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்வை போயிற்று. மரங்களுக்கு மேலே, மதிலுக்கு அப்பால், புதுக் கொட்டகையின் புகைபோக்கி தெரிந்தது. அதன் அடியில் ஒரு மனுஷன் பென்சில் இல்லாமல் நின்றுகொண்டிருப்பார். அவருடைய புகை இது. எழுதாமல் விடலாம். விட்டால் கேட்க ஆளில்லை.

நோட்டைச் சுவரில் வைத்து, அவர் போட்ட கட்டத்துக்குள், எழுத்து எழுத்தாக எழுதினாள்:

"10.10. மூணாம் மாடி. கதவுச் சந்தில் குளிர். ஆள் இல்லை. பூட்டு வெளியே. புகை கருப்பு. காற்று இந்தப் பக்கம்."